வன்னியில் ஒரு வீட்டுப் பட்டறை: கைக்கருவிகளால் நுட்பமாக வேலை செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

வளவின் ஒரு மூலையில் கொட்டில் ஒன்றைப் போட்டு, நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தவும் சிறிய மாதிரி இயந்திரங்களைச் செய்து பார்க்கவும் விரும்பி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த லேத்தை (கடைசல் இயந்திரத்தை) வாங்கலாம் என்பதைத்தான். லேத் கடைசியில் வாங்க வேண்டிய பொருள் என்பதே என் பதில். அதற்கு முன் ஒரு பட்டறையில் இருக்க வேண்டியவை மூன்று: ஐயமின்றி நம்பக்கூடிய ஒரு தட்டையான பரப்பு, பிழையற்ற ஒரு செங்கோணம், எப்போது அளந்தாலும் ஒரே விடையைத் தரும் ஓர் அளவு முறை. இம்மூன்றையும் ஒருவர் தம் கையாலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். அவற்றை உண்டாக்கும் வேலையிலேயே கையும் பழகிவிடும். இவை இல்லாத பட்டறைக்கு எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் வந்தாலும், அது பிழையான துண்டுகளை விரைவாகச் செய்து தருமேயன்றி வேறொன்றும் செய்யாது.

என் உழைப்புக் காலம் இயந்திரப் பராமரிப்பில் கழிந்தது. மாதிரி இயந்திரங்கள் செய்வது மாலை நேரத்து விருப்பமாக இருந்து, ஓய்வுபெற்ற பின் முழுநேர வேலையாகிவிட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் வன்னிக்குள் வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதையும், சில துளி பெற்றோலில் தொடக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிளை ஓட்டியதையும் அக்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் இறைத்த இயந்திரங்களை அந்த ஆண்டுகளில் ஓட வைத்தவர்களில் நான் அறிந்த பலரிடம் லேத் இருக்கவில்லை. அரமும், துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸும், நேரான ஒரு சட்டமும், பொறுமையும் இருந்தன. அவர்களிடம் நான் கற்ற ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

கொட்டிலும் மேசையும்

வன்னியில் கொட்டிலின் திசையைக் காற்றே தீர்மானிக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகிழக்கிலிருந்து மாரி மழை சாய்வாக அடிக்கும். ஆகவே தென்மேற்குச் சுவரைத் திறப்பே இல்லாமல் அடைத்துவிட்டு, வடகிழக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தை மூன்றடியாவது வெளியே நீட்டிவிட வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் யன்னல் வைத்தால் காலையிலும் மாலையிலும் வெயில் நேராக மேசையில் விழுந்து, கீறிய கோடு கண்ணுக்குத் தெரியாமற் போகும். நாம் வட அகலாங்கு ஏறத்தாழ 9 பாகையில் இருப்பதால், வடக்கு யன்னல் ஆண்டின் பெரும்பகுதியில் கண்கூசாத, சீரான வெளிச்சத்தைத் தரும். வைஸை அதன் முன்னால்தான் பூட்ட வேண்டும். தகரக் கூரையின் கீழ் எரியாத சீலிங் சீற் அடிப்பது நல்லது. கிடுகு குளிர்ச்சியானதுதான், ஆனால் தீப்பொறி பறக்கும் இடத்துக்கு அது வேண்டாம்.

மேசை அசையக் கூடாது. அரத்தைத் தள்ளும்போது மேசையும் சேர்ந்து அசைந்தால் தட்டையாக அராவ முடியாது. புதியவர்களின் கை சரியில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பாதிக்கு மேல் மேசைதான் சரியில்லாமல் இருக்கும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பாலை மரத் தீராந்திகள் இதற்கு மிகவும் உகந்தவை, கனமானவை, உளுக்காதவை. புதிய மரம் வாங்குவதானால் அனுமதிப் பத்திரத்துடன் வெட்டிய மரமா என்று கேட்டு வாங்குங்கள். கால்களை நிலத்தில் நேரடியாக ஊன்றாமல் கொங்கிறீற் கட்டைகளின் மேல் நிறுத்தினால் கறையான் ஏறுவது உடனே கண்ணில் படும். வைஸை மேசைக் காலுக்கு நேர் மேலே, நான்கு போல்ற்றுகளும் பலகையை ஊடுருவிச் செல்லுமாறு பூட்டுங்கள். நேராக நின்று முழங்கையை மடித்தால், முழங்கையின் அடியும் வைஸின் தாடையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு இது பொருந்தவில்லையென்றால் வைஸின் கீழே பலகை வையுங்கள் அல்லது காலின் கீழே பலகை போட்டு அதில் நில்லுங்கள். குனிந்து அராவுகிறவருக்கு முதலில் இடுப்பும் பிறகு அளவும் கெடும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாத கொட்டிலில் கிறைண்டரையோ டிறிலையோ இயக்க வேண்டாம். கோடையில் நிலம் காய்ந்து இறுகும்போது புவித்தொடுப்பின் தரம் குறையும். தொடுப்புக் கம்பி இறக்கிய இடத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். சாரம் உடுத்திக்கொண்டும், கையுறை போட்டுக்கொண்டும் சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்க வேண்டாம்; சுழலும் பிற் (துளைக்கும் அலகு) துணியைப் பிடித்துவிட்டால் சுவிச்சை எட்டுவதற்கு நேரமிராது.

பழைய இரும்பு

நம் பட்டறைகள் பெரும்பாலும் பழைய இரும்பிலேயே நடக்கின்றன. லொறியின் வில்லுத்தகடும், உடைந்த அரமும், உழவு இயந்திரத்தின் தேய்ந்த அச்சும் நல்ல உருக்கு. கடையில் வாங்கும் சட்டத்தைவிடச் சில வேலைகளுக்கு அவையே சிறந்தவை. ஆனால் வன்னியில் பழைய இரும்பைப் பற்றி எழுதுகிறவர் வேறெதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லக் கடமைப்பட்டவர்: எங்கிருந்து வந்தது, எதன் பாகம் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாத எந்தத் துண்டையும் அறுக்கவோ, அடிக்கவோ, சூடாக்கவோ கூடாது. இரு முனையும் மூடிய குழாய், ஒரு முனை கூம்பிய உருளை, சிறகுகள் பொருத்திய துண்டு, பருமனுக்குப் பொருந்தாத பாரமுடைய பொருள் ஆகியவற்றைக் கண்டால் தொடாமல், பிறரையும் தொடவிடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119 இலக்கத்தில் பொலிசுக்கு அறிவியுங்கள். கொட்டிலுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் இதே கவனம் தேவை. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்பதால் வெடிமருந்து தன் குணத்தை மறந்துவிடுவதில்லை. எரிபொருள் இருந்த பரல்களையும் தாங்கிகளையும் கழுவாமல் வெட்டுவதும் அதே அளவு ஆபத்தானது. உள்ளே திரவம் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், வெடிப்பது ஆவிதான்.

முதலாவது: ஒரு தட்டையான பரப்பு

எளிய வழி கண்ணாடி. இப்போது கடைகளில் கிடைக்கும் கண்ணாடித் தகடு, உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்ரன் நிறுவனம் இம்முறையை அறிவித்தது. திரவத்தின் மேல் ஆறிய பரப்பு ஆதலால் நம் தேவைக்குப் போதிய அளவு அது தட்டையாக இருக்கும். குறைந்தது 10 மி.மீ. தடிப்பில் ஓரடிச் சதுரத்தை வாங்கி, விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, மேசையில் விரித்த தடித்த துணியின் மேல் வையுங்கள். இதன் மேல் நுண்ணிய எமரித் தாளை விரித்துத் துண்டுகளைத் தேய்க்கலாம். தாளை எடுத்துவிட்டுத் தட்டையைச் சோதிக்கவும் செய்யலாம்.

சோதிப்பதற்கு நீல மை வேண்டும் என்று நூல்கள் சொல்லும். நமக்கு விளக்குக் கரி போதும். தடைக்காலத்தில் வீட்டுக்கு வீடு எரிந்த ஜாம் போத்தல் விளக்கின் மேல் ஒரு தகரத் துண்டைப் பிடித்தால் சிறிது நேரத்தில் படியும் கரியை, இரண்டு துளி தேங்காயெண்ணெயில் குழைத்தால் நல்ல மை கிடைக்கும். அதைக் கண்ணாடியில் விரலால் மிக மெல்லியதாகப் பூசி, சோதிக்க வேண்டிய முகத்தை அதன் மேல் வைத்து அழுத்தாமல் சற்றே நகர்த்தி எடுங்கள். கருமை ஒட்டிய இடங்கள் உயர்ந்தவை. அவற்றை மட்டும் அராவி அல்லது சுரண்டி மீண்டும் சோதிக்க வேண்டும். கருமை முகமெங்கும் புள்ளிபுள்ளியாகப் பரவும்வரை இது தொடரும். பூச்சுத் தடிப்பாக இருந்தால் பள்ளங்களிலும் ஒட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

கண்ணாடி கையில் இருந்தாலும், மூன்று தட்டு முறையை ஒரு தடவையாவது செய்து பார்க்கும்படி வற்புறுத்துகிறேன். எந்த மாதிரிப் பரப்பும் இல்லாத இடத்தில் தட்டையை உண்டாக்க முடியும் என்பதை அது நிறுவுகிறது. இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தே இரண்டும் பொருந்திவிடக்கூடும். மூன்றாவது தட்டு வரும்போது இது நடவாது: முதலாவதோடு இரண்டாவது, இரண்டாவதோடு மூன்றாவது, மூன்றாவதோடு முதலாவது என்று, ஒவ்வொரு முறையும் கால்வட்டம் திருப்பி வைத்துப் பார்த்தும், மூன்றும் பொருந்தினால் மூன்றும் தட்டையாகவே இருந்தாக வேண்டும். ஜோசப் விற்வேர்த் 1840இல் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரையில் இம்முறையை விளக்கினார். உள்ளங்கை அகல வார்ப்பிரும்புத் துண்டுகள் மூன்றும், முனையைத் தீட்டிய பழைய தட்டையரம் ஒன்றும் போதும். பல மாலைகள் பிடிக்கும் வேலை இது. முடித்த பின் உங்கள் கை எந்த அளவு உலோகத்தை எடுக்கிறது என்பது உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது: செங்கோணம்

கடையில் வாங்கிய மூலைமட்டத்தை நம்பிவிட வேண்டாம். நேரான விளிம்புள்ள ஒரு தகட்டில் மட்டத்தின் கட்டையை அணைத்து, அலகின் ஓரமாக வரையூசியால் ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தைப் புரட்டி மறுபக்கமாக அணைத்து, அதே கோட்டின் அடியில் அலகைக் கொண்டுவந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் உண்மையான பிழை. பிழையை இரட்டித்துக் காட்டுவதால் இச்சோதனை மிக நுட்பமானது. இதற்கு வேறெந்தக் கருவியும் தேவையில்லை.

பிழையான மட்டத்தைத் திருத்தவும் முடியும். கட்டையும் அலகும் சேரும் உள்மூலையில் சென்ரர் பஞ்சால் (குறி பதிக்கும் கூர்முனைக் கருவியால்) மெல்லத் தட்டினால் உலோகம் விரிந்து கோணம் சற்றே திறக்கும். வெளிமூலையில் தட்டினால் கோணம் மூடும். ஒரு தட்டு, ஒரு சோதனை என்று போக வேண்டும். கொட்டிலின் சட்டங்கள், மேசைக் கால்கள் போன்ற பெரிய வேலைகளுக்கு மூன்று, நான்கு, ஐந்து என்ற முக்கோண அளவே போதும். நீளம் கூடக் கூடத் துல்லியமும் கூடுமாதலால் மூன்றடிக்குப் பதில் ஆறடி, எட்டடி, பத்தடி எடுங்கள்.

மூன்றாவது: அளவு

ஒரு வெர்னியரும், முடிந்தால் 25 மி.மீ. வரை அளக்கும் மைக்கிரோமீற்றரும் வாங்குங்கள். அவை இல்லாதபோது அளக்கத் தெரிந்திருப்பதும் வேண்டும். தண்டின் விட்டத்தை அறிய, ஒரு கடதாசிக் கீலத்தைத் தண்டில் இறுகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஊசியால் இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். விரித்து இரண்டு துளைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை 3.1416ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அளவுகோலில் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் விட்டத்தில் வரும் பிழை 0.16 மி.மீ. மட்டுமே, ஏனெனில் பிழையும் அதே எண்ணால் வகுபடுகிறது. நிழற்படப் பிரதி எடுக்கும் 80 கிராம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்புள்ளது. சிறிய பெற்றோல் இயந்திரங்களின் பொயின்ற் (தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி பெரும்பாலும் 0.35 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும், நான்கு தாள் மடிப்பு இறுக்கமாகவும், மூன்று தாள் தளர்வாகவும் நுழையுமாறு வைத்தால் இயந்திரம் தொடங்கும். இடைவெளி அளவி கிடைக்காத காலத்தில் வயலோரத்தில் நின்று இதைச் செய்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.

பெயரிங் இலக்கங்களையும் மனத்தில் வையுங்கள். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால் அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும்: 6204 என்றால் 20 மி.மீ., 6205 என்றால் 25 மி.மீ. அதற்குக் கீழே 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. பழைய பெயரிங்கில் இலக்கம் அழிந்திருந்தாலும் தண்டை அளந்தால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருக்கு ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு, ஏறத்தாழ 0.012 மி.மீ. விரிகிறது, அலுமினியம் அதன் இரு மடங்கு. 100 மி.மீ. விட்டமுள்ள ஓர் அலுமினியத் துண்டு 20 பாகை சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.05 மி.மீ. கூடிவிடும். பெயரிங் இருப்பிடம் ஒன்றுக்கு இது இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. அராவியவுடனும் துளைத்தவுடனும் அளக்காமல், துண்டை ஆறவிட்டு அளக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் நுண்ணளவு எடுக்க வேண்டாம், காலையில் எடுங்கள்.

அறுத்தலும் அராவுதலும்

ஹக்சோ அலகைத் தேர்வதில் ஒரே விதி: அறுபடும் தடிப்பில் எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும். தடித்த சட்டத்துக்கு அங்குலத்துக்கு 18 பல், பொதுவான வேலைக்கு 24, மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும் 32. பற்கள் முன்னோக்கி இருக்கட்டும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஐம்பது தள்ளலுக்கு மேல் போக வேண்டாம், போனால் பல் சூடேறி மழுங்கும். வெட்டின் நடுவில் அலகு உடைந்தால் புதிய அலகைப் பழைய வெட்டுக்குள் விடாமல் மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். தேய்ந்த அலகு உண்டாக்கிய ஒடுங்கிய வெட்டில் புதியது இறுகி உடையும்.

அராவுதல்தான் இந்த வழிகாட்டியின் இதயம். நன்றாக அராவத் தெரிந்தவருக்குப் பட்டறையில் முடியாத வேலை மிகக் குறைவு. பிடியில்லாத அரத்தைத் தொட வேண்டாம். அதன் வால் உள்ளங்கையைத் துளைத்துவிடும். இடது காலை முன்வைத்து, உடலை முன்னோக்கிச் சாய்த்து, கையால் அல்லாமல் உடலின் பாரத்தால் அரத்தைத் தள்ள வேண்டும். தொடக்கத்தில் இடது கையின் அழுத்தம் கூடவும், அரம் முன்னேற முன்னேற அது குறைந்து வலது கையின் அழுத்தம் கூடவும் வேண்டும். இந்த மாற்றம் நடக்காவிட்டால் அரம் ஊஞ்சலாடி, துண்டின் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் போகும். இழுக்கும்போது அழுத்தாதீர்கள். ஒரு திசையில் முழு முகத்தையும் அராவி, பிறகு குறுக்காக அராவுங்கள். பழைய கீறல்கள் எங்கே மறையாமல் நிற்கின்றனவோ அவை பள்ளங்கள். முகம் தட்டையான பின் அரத்தைக் குறுக்காகப் பிடித்து இரு கையாலும் முன்பின் இழுத்து அராவினால் சீரான மினுக்கம் வரும்.

பற்களுக்கிடையே உலோகத் துகள் இறுகி ஆழமான கீறலை உண்டாக்குவதைத் தவிர்க்க, பள்ளிக்கூடத்துச் சோக்கை அரத்தில் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இறுகிய துகளை எடுக்க, தட்டையாக்கிய செப்புக் குழாய்த் துண்டைப் பற்களின் வழியே தள்ளினால் செம்பு பல்லின் உருவத்தை எடுத்துக்கொண்டு துகளை வெளியேற்றும். புதிய அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, கூர் சற்றுக் குறைந்த பின் இரும்புக்கு மாற்றுங்கள். இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும். அரங்களை ஒன்றன்மேல் ஒன்று குவித்து வைக்கிற பட்டறைக்கு நான் என் அரத்தை இரவல் கொடுப்பதில்லை.

கீறலும் துளையும்

கீறிய கோடு தெளிவாகத் தெரிவதற்கு, கமக்காரர் பயிருக்கு வாங்கும் மயில்துத்தத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்த இரும்பின் மேல் பூசுங்கள். இரும்பின் மேல் செம்பு மெல்லிய செந்நிறப் படலமாகப் படியும். அதில் வரையூசியால் கீறிய கோடு வெள்ளியாக மின்னும். மயில்துத்தம் நஞ்சு ஆதலால் குழந்தைகளுக்கு எட்டாமல் பெயரெழுதி வையுங்கள்; வேலை முடிந்ததும் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் அந்த இடத்தில் கறள் பிடிக்கும்.

துளையின் மையத்தில் முதலில் மெல்லப் பஞ்ச் அடித்து, கவராயத்தால் துளையின் அளவில் ஒரு வட்டமும், அதற்குள் சிறிய வட்டமும் கீறிக்கொள்ளுங்கள். பிற் பதியத் தொடங்கும்போது அதன் குழி வட்டத்துக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, விலகியிருந்தால் சிறிய உளியால் எதிர்ப்பக்கத்தில் ஒரு கீறு கீறிவிட்டால் பிற் அப்பக்கம் இழுபடும். முழு விட்டமும் பதிந்த பின் திருத்த முடியாது. வேகத்துக்கு ஒரு கணக்கு: மென்உருக்குக்கு 8000ஐ மில்லிமீற்றரில் விட்டத்தால் வகுங்கள். 5 மி.மீ. பிற்றுக்கு நிமிடத்துக்கு 1600 சுற்று, 10 மி.மீ. பிற்றுக்கு 800. துருப்பிடிக்காத உருக்குக்கு இதில் பாதிக்கும் குறைவு. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இரு மடங்கு. வார்ப்பிரும்பை எண்ணெயின்றித் துளையுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். பித்தளையில் கூரிய பிற் திடீரென்று திருகிக்கொண்டு உள்ளே பாயும். வெட்டு விளிம்பைச் சிறிய தீட்டுக் கல்லால் மட்டமாக ஓரிரு தடவை தேய்த்துவிட்டால் பாயாது. எந்தத் துண்டையும் கையால் பிடித்துத் துளைக்க வேண்டாம். பிற் மறுபக்கம் வெளிவரும் கணத்தில்தான் துண்டு சுழலும்.

மரைகள்

வன்னியில் ஒரு பட்டறை நடத்துகிறவருக்கு மூன்று மரை மரபுகள் தெரிந்திருக்க வேண்டும். பழைய பிரித்தானிய லிஸ்ரர் போன்ற இயந்திரங்களில் இருப்பது விற்வேர்த் மரை. மேலே சொன்ன அதே விற்வேர்த் 1841இல் முன்வைத்தது, கோணம் 55 பாகை. மாசி பேர்கசன் 135 போன்ற உழவு இயந்திரங்களில் 60 பாகைக் கோணமுடைய ஒருங்கிணைந்த அங்குல மரை அதிகம். யப்பானிய இயந்திரங்கள் மெற்றிக். ஸ்பானரைப் பார்த்தே விற்வேர்த்தை அறியலாம்: அதில் பொறித்திருக்கும் அளவு வாயின் அகலமன்று, போல்ற்றின் விட்டம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், 1/4 அங்குலப் போல்ற்றுக்கு 20, 5/16 அங்குலத்துக்கு 18, 3/8 அங்குலத்துக்கு 16 என்று அங்குலத்துக்கான மரை எண்ணிக்கை இரு அங்குல மரபுகளிலும் ஒன்றே. கோணம் மட்டும் வேறு. நட்டு ஏறிவிடும், இறுக்கினால் சில மரைகளே பாரத்தைத் தாங்கும், அதிரும் இயந்திரத்தில் விரைவில் கழன்றுவிடும். அரை அங்குலத்தில் விற்வேர்த் 12, மற்றது 13. இரண்டு சுற்றிலேயே இறுகிவிடும், அதை ஸ்பானரால் வெல்ல முயன்றால் வார்ப்பின் மரை போய்விடும். மெற்றிக்கா அங்குலமா என்று அறிய, பத்து மரை இடைவெளிகளை அளவுகோலில் அளந்து பாருங்கள்: எம்10 என்றால் 15 மி.மீ., அங்குலத்துக்கு 16 மரை என்றால் 15.9 மி.மீ. வரும். கையால் ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்றக் கூடாது என்பதை எழுதி வைஸின் மேல் ஒட்டிவைக்கலாம்.

மெற்றிக் மரை வெட்டுவதற்கான துளை, விட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்தால் கிடைக்கும்: எம்5க்கு 4.2, எம்6க்கு 5, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5 மி.மீ. கூம்பிய டாப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) முதலில் விட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் மூலைமட்டம் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போங்கள். பின்னே திருப்பும்போதுதான் சீவல் உடையும். இதற்குத் தேங்காயெண்ணெய் மிகச் சிறந்தது, கடையில் விற்கும் விலையுயர்ந்த எண்ணெய்களுக்கு அது குறைந்ததன்று. ஆனால் நாள்பட்டால் பிசினாகிவிடும், ஆதலால் முடிந்தவுடன் மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள்.

தோய்ச்சல்: உங்கள் வரையூசியையும் பஞ்சையும் செய்தல்

பட்டறைக்கு முதலில் செய்ய வேண்டிய கருவிகள் இவை இரண்டும். சில்வர் ஸ்ரீல் என்னும் கருவி உருக்குக் கம்பி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உடைந்த உருண்டையரம் போதும். அரத்தைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கி, சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு மெல்ல ஆறவிட்டால் அது மென்மையாகி அராவ இடம் கொடுக்கும். வடிவம் கொடுத்த பின் சிரட்டைக்கரி உலையில் முனையைச் சூடாக்குங்கள். போதிய வெப்பம் எது என்பதைக் காந்தம் சொல்லும்: இரும்பு 770 பாகை செல்சியசில் காந்தக் கவர்ச்சியை இழக்கிறது. காந்தம் பிடிக்காத நிலையைத் தாண்டிச் சற்றே சூடாக்கி, முனை கீழே இருக்குமாறு நேர்குத்தாக எண்ணெயில் தோய்த்து அசையுங்கள். சாய்த்துத் தோய்த்தால் வளையும். எண்ணெய் தீப்பற்றக்கூடும் ஆதலால், உலோகப் பாத்திரமும் அதை மூட ஒரு தகரமும் அருகில் இருக்கட்டும். இப்போது அரம் அதன் மேல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது.

இந்நிலையில் அது கண்ணாடியைப் போல் உடையும். பதம் தணிக்க வேண்டும். முனையை எமரித் தாளால் வெண்மையாகத் தேய்த்து, முனையிலிருந்து சற்றுத் தள்ளி மெல்லச் சூடாக்கினால், நிறங்கள் வரிசையாக முனையை நோக்கி ஓடிவரும். வெளிர் வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 பாகை: வரையூசிக்கு அதுவே போதும். கரும் வைக்கோலிலிருந்து கபிலம், 240 முதல் 255 பாகை: சென்ரர் பஞ்ச். ஊதா, ஏறத்தாழ 280: இரும்பு வெட்டும் உளி. நீலம், 300ஐ ஒட்டி: வில். வேண்டிய நிறம் முனையைத் தொட்டவுடன் தண்ணீரில் போட்டு நிறுத்துங்கள். அடிபடும் தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சல் வேண்டாம். கடினமான தலை சிதறிக் கண்ணில் பாயும்.

கண்டாவளைப் பக்கத்தில் நான் இளம் வயதில் போய் நின்று பார்த்த கொல்லர் ஒருவர், தோய்ச்சல் வேலையை மட்டும் பொழுது சாய்ந்த பின்பே செய்வார். பகலில் அவசரமென்று கேட்டு வந்தால் படங்குத் திரையை இறக்கிவிட்டுத்தான் துருத்தியைத் தொடுவார். வெயிலில் செந்நிறம் மங்கித் தெரிவதால் இரும்பை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடுவோம், உருக்கின் உள்ளேயுள்ள மணிகள் பருத்து அது நொறுங்கும் என்பதே காரணம். அவரிடம் வெப்பமானி இருக்கவில்லை. தன் கண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே இருளைக் கொடுத்தார். அளவு முறை என்று நான் மேலே சொன்னதும் இதையே.

கறள்

மாரிக் காலத்து அதிகாலையில் குளிர்ந்த இரும்பின் மேல் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். கறள் அங்கே தொடங்குகிறது. கருவிப் பெட்டகத்துக்குள் ஒரு சிறிய இழை மின்குமிழை எரியவிட்டால் உள்ளே வெளியைவிடச் சில பாகை சூடாக இருந்து வியர்வையைத் தடுக்கும். கழிவு ஒயிலைக் கருவிகளில் பூச வேண்டாம், அதில் எரிந்த எரிபொருளின் அமிலம் இருக்கிறது. புதிய ஒயிலை மெல்லிய படலமாகப் பூசுங்கள்.

ஏற்கெனவே கறள் பிடித்ததை மின்சாரத்தால் எடுக்கலாம். பிளாஸ்ரிக் வாளியில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ற் பற்றறி சார்ச்சரின் மறை முனையைக் கறள் பிடித்த பொருளிலும், நேர் முனையைப் பயனற்ற இரும்புத் தகட்டிலும் கொடுத்து, இரண்டும் தொடாமல் அமிழ்த்துங்கள். சில மணி நேரத்தில் கறள் கருமையாகி உரிந்துவரும். வெளிவருவது ஐதரசன் ஆதலால் திறந்த வெளியில் செய்யுங்கள். நேர் முனையில் துருப்பிடிக்காத உருக்கை ஒருபோதும் வைக்க வேண்டாம்; அது நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மத்தை நீரில் விடும். அலுமினியப் பாகங்களை இதில் போட்டால் அரித்துவிடும்.

இனி லேத்

இவ்வளவும் கைவந்த பின் பழைய லேத் ஒன்றைப் பார்க்கப் போகலாம். மைக்கிரோமீற்றரையும், 25 மி.மீ. உருளைச் சட்டம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். வெட்டுங்கருவியைத் தாங்கிப் படுகையின் மேல் நகரும் சாடிலின் இறுக்கத்தை, துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு அருகில், அதிகம் தேய்ந்த இடத்தில், தளர்வில்லாமல் சரிசெய்து, கையால் மறுமுனைக்கு நகர்த்துங்கள். போகப் போக இறுகினால் படுகை தேய்ந்திருக்கிறது. எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு விலையைக் குறைத்துக் கேட்கலாம், நகரவே மறுத்தால் வாங்க வேண்டாம். பிறகு சட்டத்தைச் சக்கில் பிடித்து, 100 மி.மீ. அளவு வெளியே நீட்டி, நடுப்பகுதியைக் குறைத்து இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் நிற்குமாறு கடையுங்கள். வெட்டுங்கருவியின் நிலையை மாற்றாமல் இரண்டு வளையங்களிலும் மிக மெல்லிய வெட்டு ஒன்றை விட்டு, ஆறவிட்டு அளந்து பாருங்கள். இரண்டு விட்டங்களுக்கும் வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல இயந்திரம். அதற்கு மேலிருந்தால், நிறுத்தியிருக்கும் கால்களின் கீழே மெல்லிய தகடு வைத்துப் படுகையின் முறுக்கை எடுத்துவிட்டு மீண்டும் கடைந்து பாருங்கள்; பல லேத்துகள் தேய்வினால் அல்லாமல், சமமற்ற நிலத்தில் பூட்டப்பட்டதாலேயே பிழை காட்டுகின்றன.